எந்தக் குக்கரை வாங்குவது? அதிலேயே மீன் குழம்பைக் கண்ணாடி ஜாடியில் அடைத்துப் பதப்படுத்தலாமா?

கேட்டவர்: முத்தியால்பேட்டை வாசகி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கிறோம். மாமியாரையும் சேர்த்து வீட்டில் ஐந்து பேர். இப்போது பயன்படுத்தும் அலுமினியக் குக்கர் என் திருமணச் சீரில் வந்தது. சில மாதங்களாக மூடியின் ஓரத்தில் ஆவி கசிகிறது. வெயிட் எழும்ப வெகுநேரம் ஆகிறது. கேஸ்கெட்டைச் சிறிது நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் போட்டால் ஓரிரு நாள் சரியாக இருக்கிறது. பிறகு பழையபடி கசியத் தொடங்கிவிடுகிறது. புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று நேரு வீதிக் கடைகளில் ஏறி இறங்கினேன். உள்மூடி, வெளிமூடி, அலுமினியம், கறுப்பு நிற ஹார்டு அனோடைஸ்டு, எவர்சில்வர் என்று ஒவ்வொரு கடைக்காரரும் ஒவ்வொன்றைச் சிறந்தது என்கிறார். இணையத்தில் பெயர் தெரியாத குக்கர்கள் மிகவும் மலிவாகக் கிடைக்கின்றன. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இதனோடு சேர்ந்த இன்னொரு கேள்வியும் உண்டு. என் மகள் பெங்களூரில் வேலை செய்கிறாள். வீட்டு மீன் குழம்புக்கு அவள் ஏங்கிப் போயிருக்கிறாள். பிரான்சில் இருக்கும் என் நாத்தனார் சென்ற முறை வந்தபோது, ரப்பர் வளையமும் கம்பிக் கொக்கியும் வைத்த கண்ணாடி ஜாடிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். குழம்பை அந்த ஜாடிகளில் ஊற்றி மூடி, குக்கருக்குள் வைத்து அரைமணி நேரம் ஆவியில் வேகவிட்டால் மாதக்கணக்கில் வெளியிலேயே கெடாமல் இருக்கும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். இதை நம்பிச் செய்யலாமா? புதிய குக்கரை இந்த வேலைக்கும் பொருந்துமாறு பெரியதாக வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: நெய்வேலி ஓய்வூதியர்

அம்மா, வணக்கம். அனல்மின் நிலையத்தில் கொதிகலன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஜாடியைப் பற்றிய கேள்வி உணவு அறிவியல் படித்தவர்கள் பேச வேண்டியது. ஆனால் அவர்கள் வந்து சொல்லும்வரை அந்தக் காணொளியின்படி எதையும் செய்து பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குக்கர் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்துவிட்டால் எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும். கடலோரத்தில் இருக்கும் நம் ஊரில், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. அதற்குமேல் எவ்வளவு தீயை வைத்தாலும் தண்ணீர் வேகமாக ஆவியாகுமே தவிர, அதன் சூடு ஏறாது. குக்கரில் ஆவி வெளியேற முடியாமல் அடைபடுவதால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ வீதம் கூடுதல் அழுத்தம் உண்டாகிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ 120 டிகிரிக்கு உயர்ந்துவிடுகிறது. பருப்பு விரைவாக வேகக் காரணம் இந்த 20 டிகிரி வித்தியாசம்தான். சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்பது காதுக்குச் சிறியதாகத் தோன்றும். ஆனால் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் பரப்பு ஏறத்தாழ 314 சதுர சென்டிமீட்டர். ஆகவே அந்த மூடியை உள்ளிருந்து தள்ளும் விசை 300 கிலோவுக்கும் அதிகம். அடுப்பின் மேல் இருக்கும் இந்தச் சிறிய பாத்திரத்தைக் கொதிகலனுக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு அணுக வேண்டும் என்று என் மருமகளிடமும் மகளிடமும் நான் எப்போதும் சொல்வது இதனால்தான்.

அந்த அழுத்தத்தை எல்லைக்குள் வைத்திருப்பது வெயிட். ஆவிக்குழாயின் துளை எவ்வளவு பெரியது, அதன்மேல் உட்காரும் வெயிட் எவ்வளவு கனமானது என்ற இரண்டையும் பொறுத்தே அழுத்தத்தின் எல்லை அமைகிறது. ஆகவே ஒரு மாடலின் வெயிட்டை இன்னொரு மாடலில் போடக் கூடாது; வெயிட்டின் மேல் கரண்டியோ வேறு எதையுமோ ஏற்றி வைக்கவும் கூடாது. 1679-இல் குக்கரின் முன்னோடியான நீராவிச் சமையல் பாத்திரத்தை முதலில் உருவாக்கிய பிரெஞ்சுக்காரரான தெனி பாப்பனின் பாத்திரத்திலேயே எடை வைத்த பாதுகாப்பு வால்வு இருந்தது. நம் வீட்டு வெயிட் அந்த வழியில் வந்ததுதான். வெயிட்டுக்கு அடுத்த காவலாக, மூடியில் பொருத்தப்பட்ட சேஃப்டி வால்வு இருக்கிறது. ஆவிக்குழாய் அடைத்துக்கொண்டாலோ தண்ணீர் வற்றிப்போய்ச் சூடு எல்லை மீறினாலோ, அதிலுள்ள உலோகக் கலவை உருகி ஆவிக்கு வழிவிடும். பல மாடல்களில் மூன்றாவதாக, மூடியின் விளிம்பில் உள்ள இடைவெளி வழியே கேஸ்கெட் பிதுங்கி ஆவியை வெளியேற்றும் ஏற்பாடும் உண்டு. வீடுகளில் குக்கர் வெடித்ததாகக் கேள்விப்படும்போது, இந்தக் காவல்கள் ஒவ்வொன்றாகச் செயலிழந்த பிறகுதான் அது நடந்திருக்கும். ஆவிக்குழாயில் பருப்புத் தோல் அடைத்திருக்கும். உருகிப்போன சேஃப்டி வால்வுக்குப் பதிலாகத் தெருவோரத்தில் வாங்கிய போலி வால்வு மாட்டியிருக்கும்.

எனவே வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ஐ.எஸ்.ஐ. முத்திரை. அதன்மேல் ஐ.எஸ். 2347 என்ற தர எண்ணும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் இட்டுப் பார்த்தால், அது எந்த உற்பத்தியாளருக்கு வழங்கப்பட்டது, இப்போதும் செல்லுபடியாகிறதா என்பவை தெரிந்துவிடும். 2020-ஆம் ஆண்டின் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, இந்த முத்திரை இல்லாத வீட்டுக் குக்கரை நம் நாட்டில் விற்பதே சட்டவிரோதம். அப்படியிருந்தும் முத்திரையில்லாத குக்கர்களை விற்க இடங்கொடுத்த இணைய வணிகத் தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் அபராதம் விதித்தது. நீங்கள் பார்த்த மலிவான குக்கர்களில் இந்த எண்கள் தெளிவாக இல்லையென்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

உள்மூடியா வெளிமூடியா என்பதில் என் சாய்வை மறைக்காமல் சொல்கிறேன். நான் உள்மூடிப் பக்கம். உள்மூடியைப் பாத்திரத்தின் அழுத்தமே கீழிருந்து விளிம்போடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அழுத்தம் இறங்காமல் எவ்வளவு பலங்கொடுத்தாலும் அது திறக்காது. வெளிமூடியில் பாத்திரத்தின் காதுகளும் மூடியின் காதுகளும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. நல்ல தயாரிப்பாக இருந்து, காதுகள் தேயாமல் இருக்கும்வரை அதுவும் பாதுகாப்பானதே. ஆனால் அழுத்தம் மிச்சமிருக்கும்போது அவசரத்தில் பலங்கொண்டு திருகினால் திறந்துகொள்ளும் வாய்ப்பு அதில்தான் உண்டு. மறுபக்கம், உள்மூடியைச் சாய்த்து உள்ளே நுழைத்து எடுப்பது வயதானவர்களின் கைக்குச் சிரமம். அகலமான பாத்திரங்களை உள்ளே அடுக்கவும் வசதிப்படாது. உங்கள் மாமியாரும் அடுப்படியில் புழங்குபவர் என்றால், கடையிலேயே அவரை ஒருமுறை மூடித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்து பேருக்கு 5 லிட்டர் போதும். ஆனால் 5 லிட்டர் என்பது விளிம்புவரை நிரம்பினால் கொள்ளும் அளவு. காய்கறிக்கும் இறைச்சிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரைத்துப் பொங்கும் பருப்பு, அரிசி, கொண்டைக்கடலை போன்றவற்றுக்குப் பாதிதான் எல்லை. துவரம்பருப்பில் சிறிது எண்ணெய் விட்டு வேகவைக்கும் நம் வீட்டு வழக்கம் நுரையைக் கட்டுப்படுத்தும் நல்ல வழக்கம்.

பயன்படுத்தும் முறையில் நான் விடாமல் வற்புறுத்துவது ஒன்றே ஒன்று. மூடும் முன் மூடியை வெளிச்சத்தை நோக்கித் தூக்கி, ஆவிக்குழாயின் துளை வழியே மறுபக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் ஊசியால் குத்தி, தண்ணீர் ஓடவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். பிறகு மூடி, வெயிட் போடாமல் காத்திருந்து, ஆவி தடையின்றிச் சீராக மேலெழுந்த பின்னரே வெயிட்டைப் போடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அதன்பின் விசிலை எண்ணாமல் கடிகாரத்தைப் பாருங்கள். விசில் என்பது மிகுதியான ஆவி வெளியேறும் ஓசை மட்டுமே. பெரிய தீயில் ஐந்து விசில் சில நிமிடங்களில் வந்துவிடும், சிறிய தீயில் அதே ஐந்து விசிலுக்கு வெகுநேரம் ஆகும். எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் பருப்பு வெந்த அளவு ஒன்றாக இருக்காது. திறக்கும்போது வெயிட்டைச் சற்றே உயர்த்திப் பார்த்து, ஆவி முழுவதும் அடங்கிவிட்டது என்று உறுதியான பிறகு திறக்க வேண்டும். கெட்டியான பருப்பு, கூழ் போன்றவை என்றால் திறக்கும் முன் குக்கரை மெதுவாக ஒருமுறை அசைத்துவிடுங்கள். உள்ளே சிக்கியிருக்கும் ஆவி திறந்தவுடன் முகத்தில் தெறிக்காமல் இருக்கும்.

உங்கள் பழைய குக்கரைப் பொறுத்தவரை, நீங்கள் சொல்லும் அறிகுறிகள் கேஸ்கெட் தளர்ந்துவிட்டதைத்தான் காட்டுகின்றன. குளிரில் ரப்பர் சற்றுச் சுருங்குவதால் ஓரிரு நாள் பிடிக்கிறது. சூட்டில் மறுபடி தளர்ந்துவிடுகிறது. அதே நிறுவனத்தின், அதே மாடலுக்கான கேஸ்கெட்டை வாங்கி மாற்றுங்கள். ஆவி கசியும் குக்கரில் அழுத்தம் ஏறாமலே தண்ணீர் வற்றிவிடும். அடிப்பிடிப்பதும் சேஃப்டி வால்வு உருகுவதும் அப்படித்தான் நேர்கின்றன.

பதில்: மஞ்சக்குப்பம் பாத்திரக்கடை

நெய்வேலி ஐயா எழுதியவற்றோடு, எந்த உலோகம் என்பதைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். நம் கடலோரப் பகுதியில் பல இடங்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புத் தன்மையோடு இருக்கிறது. அந்தத் தண்ணீரை அலுமினியக் குக்கரில் இரவெல்லாம் விட்டுவைத்தால் அடியில் ஊசி குத்தியதுபோல் புள்ளி புள்ளியாக அரிக்கும். சமையலுக்குக் குடிநீரைப் பயன்படுத்தி, கழுவியவுடன் துடைத்து வைப்பவர்களிடம் அலுமினியம் நெடுநாள் உழைக்கிறது. புளி, தக்காளி சேர்த்த சாம்பாரையும் குழம்பையும் குக்கரிலேயே வைப்பவர்கள் எவர்சில்வரையோ, மேற்பரப்பைக் கெட்டியாக்கிய அலுமினியமான ஹார்டு அனோடைஸ்டையோ வாங்குவது நல்லது. ஏனெனில் புளிப்பு சாதாரண அலுமினியத்தை அரித்துச் சிறிது உணவில் கலக்கச் செய்யும். ஹார்டு அனோடைஸ்டு வாங்கினால் கம்பி நாரால் தேய்க்கக் கூடாது. எவர்சில்வர் தனியாகச் சூட்டைச் சீராகப் பரப்பாது. அடியில் அலுமினியத் தகடு சேர்த்த கனமான அடிப்பாகம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் சாதம் ஓர் இடத்தில் மட்டும் கருகும். இண்டக்‌ஷன் அடுப்பும் வைத்திருப்பவர்கள் ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் அடியில் ஒட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

மின்சாரத்தில் மட்டும் இயங்கும் குக்கரை வீட்டின் ஒரே குக்கராக வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு எத்தனை நாள் மின்சாரமின்றி இருந்தோம் என்பது இங்குள்ள எல்லோருக்கும் நினைவிருக்கும்.

கைப்பிடித் திருகாணிகள் நம் உப்புக்காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். அவ்வப்போது இறுக்கிப் பாருங்கள். குக்கரைப் பயன்படுத்தாத நேரத்தில் மூடியை இறுக்கி மூடி வைக்காமல் கவிழ்த்து வையுங்கள். கேஸ்கெட்டின் ஆயுள் கூடும், வாடையும் தங்காது.

பதில்: சிதம்பரம் ஆசிரியை

அக்கா, நான் கல்லூரியில் உணவு நுண்ணுயிரியல் கற்பிக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். மீன் குழம்பை ஜாடியில் அடைத்து, வீட்டுக் குக்கரில் அரைமணி நேரம் ஆவியில் வைத்து, வெளியில் வைத்துக்கொள்ளும் முறை உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஏன் என்று விரிவாக எழுதுகிறேன். காரணம் தெரியாமல் வெறும் தடையாகச் சொன்னால், அடுத்த காணொளியைப் பார்க்கும்போது மனம் மறுபடி ஊசலாடும்.

மண்ணிலும் நீர்நிலைகளின் அடிச்சேற்றிலும் வாழும் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிர், சூழல் பாதகமாகும்போது தன்னைக் கனமான உறைக்குள் ஒடுக்கிக்கொண்டு வித்தாக மாறுகிறது. இந்த வித்துகள் 100 டிகிரி கொதிநீரில் மணிக்கணக்கில் கிடந்தாலும் சாகாமல் இருக்கக்கூடியவை. காற்று இல்லாத இடம், 4.6-க்கு மேற்பட்ட பி.எச். அளவு, அதாவது போதிய புளிப்பின்மை, அறைச்சூடு ஆகிய மூன்றும் சேர்ந்தால் அவை மீண்டும் முளைத்து நஞ்சைச் சுரக்கின்றன. மூடி நன்றாகப் பிடித்துக்கொண்ட மீன் ஜாடி, அதுவும் நம் ஊர் வெயிலில், இவற்றுக்கு ஏற்ற இருப்பிடம். அந்த நஞ்சுக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லாமலும் இருக்கலாம். முகர்ந்து பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்லும் நம் பாட்டிமார்களின் திறமை இங்கே கைகொடுக்காது. பார்வை இரட்டையாகத் தெரிதல், இமை தொங்குதல், விழுங்க முடியாமை, பேச்சுக் குழறல் என்று தொடங்கி மூச்சுத் தசைகள் வரை செயலிழக்கும் நோய் அது. யாருக்காவது அத்தகைய அறிகுறிகள் தெரிந்தால் சிறிதும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

குக்கரிலும் 120 டிகிரி வருகிறதே, அந்தச் சூட்டில் வித்துகள் சாகாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் 120 டிகிரி என்பது குக்கருக்குள் இருக்கும் ஆவியின் சூடு. ஜாடியின் நடுவில், மீன் துண்டின் மையத்தில் இருக்கும் சூடு அதுவல்ல. கண்ணாடியைத் தாண்டி, எண்ணெயும் மசாலாவும் கலந்த கெட்டிக் குழம்பைத் தாண்டி, மையம்வரை அந்தச் சூடு போய்ச்சேர வெகுநேரம் பிடிக்கும். அமெரிக்க வேளாண்துறை வீட்டில் பதப்படுத்துவோருக்காகச் சோதித்து வெளியிட்டுள்ள முறையில், குழம்பு எதுவும் சேர்க்காத வெறும் மீன் துண்டுகளை, ஏறத்தாழ அரை லிட்டர் கொள்ளும் பைன்ட் ஜாடியில் அடைத்து, சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அழுத்தம் தரும் வெயிட்டில் 100 நிமிடம் வைக்க வேண்டும். காணொளியில் சொன்ன அரைமணி நேரத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த 100 நிமிடமும் கேனர் எனப்படும் பெரிய அழுத்தக் கலனுக்காகக் கணக்கிட்டது. நம் குக்கருக்கானது அல்ல. ஏறத்தாழ 1 லிட்டர் கொள்ளும் குவார்ட் ஜாடிகள் நான்கையாவது நிற்கவைக்க இடமுள்ள கலனையே அவர்கள் கேனர் என்று ஏற்கிறார்கள். இந்த அளவு நிபந்தனைக்கு அறிவியல் காரணம் இருக்கிறது. பெரிய கலன் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறுகிறது. அந்த நேரங்களிலும் கிருமிகள் அழிந்துகொண்டிருக்கின்றன, குறித்த நிமிடக் கணக்கில் அதுவும் அடங்கியிருக்கிறது. சிறிய குக்கர் சட்டென்று சூடேறிச் சட்டென்று ஆறிவிடுவதால் அந்தப் பங்கு கிடைக்காமல் போகிறது. மேலும், கேனரில் வெயிட் போடும் முன் 10 நிமிடம் ஆவியை வெளியேற்றி உள்ளிருக்கும் காற்றை முழுவதும் நீக்க வேண்டும். காற்றும் ஆவியும் கலந்திருந்தால், அழுத்தம் சரியாக இருப்பதாகத் தெரிந்தாலும் சூடு குறைவாகவே இருக்கும். நேரம் முடிந்ததும் அடுப்பை அணைத்துத் தானாக ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றியோ வெயிட்டைத் தூக்கியோ ஆவியை இறக்கினால் ஜாடிக்குள் இருக்கும் சாறு வெளியே இழுக்கப்பட்டு, மூடி பிடிக்காமல் போகும், ஜாடி விரிசல் விடவும் கூடும்.

உங்கள் நாத்தனார் கொடுத்த கம்பிக் கொக்கி ஜாடிகள் வேறு பல உபயோகங்களுக்கு அருமையானவை. ஆனால் நான் சொன்ன சோதனை முறைகள் தகட்டு மூடியும் திருகு வளையமும் கொண்ட ஜாடிகளை வைத்துச் செய்யப்பட்டவை. அந்த நேரக் கணக்கைக் கொக்கி ஜாடிகளுக்குப் பொருத்த முடியாது. பல வேலைகளைச் செய்யும் மின்சார அழுத்தக் குக்கர்களையும் கேனராகப் பயன்படுத்தக் கூடாது.

தேங்காய்ப்பாலோ நிறைய நல்லெண்ணெயோ சேர்ந்த நம் மீன் குழம்புக்கு வீட்டிலேயே ஜாடியில் அடைக்கும் சோதித்த முறை எதையும் நான் கண்டதில்லை. தொழில்முறையில் அது சாத்தியமாகியிருக்கிறது; கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அதிகச் சூட்டைத் தாங்கும் ரிட்டார்ட் பைகளில் அடைத்த மீன் குழம்பை உருவாக்கியது. ஆனால் அங்கே பையின் மையத்தில் சூடளக்கும் கருவியைப் பொருத்தி, ஒவ்வொரு நிமிடத்தின் சூட்டையும் பதிவு செய்து நேரத்தை முடிவு செய்கிறார்கள். நம் அடுப்படியில் அந்த வசதி இல்லை. ஆகவே குழம்பை ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியின் ஃப்ரீசரில் உறையவைப்பதே உங்கள் மகளுக்கு நீங்கள் செய்யக்கூடிய சிறந்த ஏற்பாடு.

கேட்டவர்: முத்தியால்பேட்டை வாசகி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஜாடி யோசனையை இன்றோடு விட்டுவிட்டேன். பெங்களூருக்கு இரவுப் பேருந்தில்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. உறையவைத்த குழம்பு காலைவரை தாங்குமா? அப்படியே இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் வரும் காலத்தில் சுளைகளையும், விலை இறங்கும்போது வாங்கும் தக்காளியையுமாவது ஜாடியில் அடைக்கலாமா? இவை மீன் அல்லவே.

பதில்: கடலூர் முதுநகர் வாசகி

அக்கா, மீனைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஊறுகாய் போட்டு உறவினர்களுக்குக் கொடுத்துப் பழக்கம். குழம்பைத் தட்டையான எவர்சில்வர் டப்பாவில் இரண்டு நாள் முன்னதாகவே ஃப்ரீசரில் வைத்துக் கல்லாக இறுகவிடுங்கள். புறப்படும் நேரத்தில் எடுத்து, துணியில் சுற்றி, தெர்மோகோல் பெட்டியில் உறைந்த ஐஸ் பைகளோடு இடைவெளி இல்லாமல் அடுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். மகள் வாங்கியதும் டப்பாவைத் தொட்டுப் பார்க்க வேண்டும். உறைந்தோ நல்ல குளிராகவோ இருந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில், நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடலாம். குளிர் முற்றிலும் போய்விட்டிருந்தால் கொட்டிவிடத்தான் வேண்டும்.

குழம்புக்கு மீன் வாங்கும்போதே கவனம் வேண்டும். மத்தி, கானாங்கெளுத்தி, சூரை ஆகியவற்றை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்திருந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிவிடும். அது எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது, சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தடிப்பும் தலைவலியும் வரும். அனுப்புவதற்கென்று வஞ்சிரத்தைத் துண்டு போட்டு வாங்கினால் துண்டும் உடையாமல் இருக்கும்.

இன்னொரு வழி மீன் ஊறுகாய். துண்டுகளை உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி, நல்லெண்ணெயில் ஈரம் போகப் பொரித்து, இஞ்சி, பூண்டு, கடுகு தாளித்து, புளிப்பு நன்றாக ஏறும்படி வினிகர் ஊற்றிக் கலக்க வேண்டும். நாத்தனார் கொடுத்த ஜாடிகள் இதற்குப் பொருத்தமாக இருக்கும். வினிகரைக் குறைத்து எண்ணெயை மட்டும் மிதக்கவிட்டால் போதும் என்று சிலர் செய்கிறார்கள், அது தவறு. எண்ணெய் காற்றை அடைக்குமே ஒழியப் புளிப்பைத் தராது. ஆசிரியை சொன்ன காற்றில்லா இடத்தை நாமே உண்டாக்கிக் கொடுத்ததாக ஆகிவிடும். நான் வினிகரைத் தாராளமாக ஊற்றினாலும் ஃப்ரிட்ஜில்தான் வைக்கிறேன்.

பதில்: சிதம்பரம் ஆசிரியை

முதுநகர் அக்கா எண்ணெயைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. பலாச்சுளையைப் பற்றிக் கேட்டீர்கள். பழம் என்றாலே புளிப்பு இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பலா, வாழை, பப்பாளி ஆகியவற்றில் இனிப்பு மிகுதி, புளிப்புக் குறைவு. பலாவின் பி.எச். பொதுவாக 4.6-க்கு மேலேயே இருக்கிறது. ஆகவே சுளையையும் ஜாடியில் அடைக்க வேண்டாம். கொட்டை நீக்கி ஃப்ரீசரில் வைக்கலாம், வெயிலில் நன்றாக உலர்த்தி வற்றலாக்கலாம்.

தக்காளி எல்லைக்கோட்டில் நிற்கிறது. ரகத்துக்கு ரகம், பழுத்த அளவுக்கு ஏற்ப, 4.6-க்கு இப்பாலும் அப்பாலும் மாறும். அதனால் அரை லிட்டர் ஜாடி ஒன்றுக்குக் கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் கட்டாயம் சேர்க்க வேண்டும். தோலுரித்து, நசுக்கி, கொதிக்கவைத்த தக்காளியைச் சூடாகவே தகட்டு மூடி ஜாடிகளில் ஊற்றி, மூடிக்கு மேல் இரண்டு விரல் அளவு தண்ணீர் நிற்கும்படி ஆழமான பாத்திரத்தில் வைத்து, கொதிக்கத் தொடங்கியதிலிருந்து 35 நிமிடம் விட வேண்டும். கடல்மட்டத்தில் இருக்கும் நம் ஊருக்கு இந்த நேரம் பொருந்தும். இதற்குக் குக்கரே தேவையில்லை. ஆனால் இது வெறும் தக்காளிக்கு மட்டும். எண்ணெயும் பூண்டும் சேர்த்து வதக்கிய தொக்குக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அதை ஃப்ரிட்ஜில் வைத்து விரைவில் தீர்த்துவிடுங்கள். நேரில் கற்றுக்கொள்ள விரும்பினால், புதுச்சேரி குரும்பாப்பேட்டில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் பழம், காய்கறிப் பதப்படுத்தல் பயிற்சி உண்டா என்று விசாரித்துப் பாருங்கள்.

கேட்டவர்: முத்தியால்பேட்டை வாசகி

எல்லாம் தெளிவாகிவிட்டது. மாமியாரைக் கடைக்கு அழைத்துப்போய் மூடித் திறந்து பார்க்கச் சொன்னேன். அவருக்கு வெளிமூடிதான் கைக்கு வந்தது. ஆகவே எவர்சில்வரில், கனமான அடிப்பாகம் கொண்ட 5 லிட்டர் வெளிமூடிக் குக்கரைத் தேர்ந்தெடுத்து, கடையிலேயே உரிம எண்ணைச் செயலியில் சரிபார்த்து வாங்கினோம். பழைய குக்கருக்குப் புதிய கேஸ்கெட் போட்டும் ஓர் இடத்தில் மட்டும் இன்னும் லேசாக ஆவி கசிகிறது. அதைச் சிறிய வேலைகளுக்கு வைத்துக்கொள்ளலாமா, நெய்வேலி ஐயா?

பதில்: நெய்வேலி ஓய்வூதியர்

அம்மா, ஒரே இடத்தில் மட்டும் கசிகிறது என்றால் விளிம்பு நெளிந்திருக்க வேண்டும். கேஸ்கெட்டைக் கழற்றிவிட்டு, பாத்திரத்தைச் சமமான கல்தரையில் கவிழ்த்து வைத்து, விளிம்புக்கும் தரைக்கும் இடையே ஒரு தாள் நுழைகிறதா என்று சுற்றிலும் பாருங்கள். எங்காவது நுழைந்தால் அது குக்கராக இனிப் பயன்படாது. தட்டி நிமிர்த்தவும் முயல வேண்டாம். பாத்திரத்தைத் தண்ணீர் காயவைக்க வைத்துக்கொண்டு, மூடியையும் வெயிட்டையும் பழைய உலோகக் கடையில் போட்டுவிடுங்கள். வீட்டு வேலைக்கு வருபவர்கள் யாராவது கேட்டால் மூடியோடு கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் வீட்டு அடுப்பிலும் அது ஏறக் கூடாது. புதிய குக்கர் வெளிமூடி என்பதால், மாதம் ஒருமுறை காதுகள் தேய்ந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். வாங்கிய ரசீதையும், சேஃப்டி வால்வின் மாடல் எண் அச்சிட்ட கையேட்டையும் பத்திரமாக எடுத்து வையுங்கள், அடுத்த முறை உதிரிபாகம் வாங்கும்போது கடையில் அதைக் காட்டித்தான் கேட்க வேண்டும்.